பாதியாக வெட்டுகிறவள்

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மாடிப்படியிலிருந்து வாசல் வரைக்கும் சீரியல் லைட் கட்டினார்கள். சுவிட்சைப் போட்டால் ஒரு பல்புகூட எரியவில்லை. இரண்டு பேர் முதல் பல்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். கையில் டெஸ்டர்.

"இன்னாத்துக்கு இப்டி ஒண்ணு ஒண்ணா எண்ணிக்கினு கெடக்கறீங்க? நவுருங்க."

ஒரு நாற்காலியை இழுத்து வரிசையின் சரிநடுவில் போட்டு ஏறினாள். நடு பல்பின் வயரில் டெஸ்டரை வைத்தாள். மின்னியது. "இதுவரைக்கும் நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு முன்பாதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பாதிக்குப் போனாள். அதன் நடுவில் வைத்தாள். மின்னவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்பக்கமாக இழுத்தாள். இப்படி சில முறை இழுத்த பிறகு ஒரு பல்பைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினாள். மொத்த வரிசையும் எரிந்தது. முதல் பல்பிலிருந்து ஆரம்பித்தவர்கள் அப்போதுதான் படிக்கட்டின் திருப்பத்துக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டல் ஓயும்வரை அவள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

ஜெயித்தால் அதை மறைத்துக்கொள்ளத் தெரியாதவள். அடக்கம் என்பது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அல்லது சொல்லித் தந்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. உரத்த குரல். அந்தக் குரல் வாடிக்கையாளரிடமும் குறையாது, முதலாளியிடமும் குறையாது. காலை நேரக் குளிருக்கு அவளுடைய அப்பாவின் காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாள், தோள்பட்டை தொங்கும். நாற்காலியில் ஒரு காலை மடக்கி வைத்துத்தான் உட்காருவாள். டீயைப் பாதி குடித்துவிட்டு மறந்துவிடுவாள். அவள் மேஜையில் எப்போதும் ஆறிப்போன டீ இருக்கும்.

அவளுடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். அவள் பெங்களூரில் இன்ஜினியரிங் படித்தாள். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் அமெரிக்காவில், மீதிப் பேர் பெங்களூரில். இவள் மட்டும் ஏன் திரும்பி வந்தாள் என்று ஒருமுறை கேட்டேன். "காத்தால ரயில்ல நின்னுக்கினே போயி ராத்திரி நின்னுக்கினே வர்றதுக்கா நான் படிச்சேன்? வேல இங்க வரட்டும்" என்றாள். அப்போது எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள், எப்போது மூடப்போகிறார்கள் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. பையன்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

எதுவாக இருந்தாலும் அவள் பாதியாக வெட்டுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறார். குவார்ட்டர்ஸில், தெருக்கோடியில் இருந்த இவர்கள் வீட்டுப் பக்கம் ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை. பேத்தமங்களா ஏரியிலேயே தண்ணீர் இல்லை என்று ஒருவர், மோட்டார் ரிப்பேர் என்று ஒருவர், மேல் வீட்டுக்காரர்கள் உறிஞ்சுகிறார்கள் என்று ஒருவர். இவள் பள்ளிக்கூடச் சீருடையோடு தெருவின் நடுவில் இருந்த வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அங்கே வந்தது. அதற்கும் தன் வீட்டுக்கும் நடுவில் இருந்த வீட்டில் திறந்தாள். அங்கே வரவில்லை. கடைசியில் இரண்டே வீட்டுக்கு நடுவில் நின்று, "இங்க தோண்டுங்க" என்றாளாம். தோண்டினார்கள். வேர் புகுந்து குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. "தெருவே மெச்சிச்சும்மா. அதுக்கப்புறம் இவள அடக்க முடியல" என்று அந்த அம்மா பெருமையும் சலிப்புமாகச் சொல்வார்.

மனிதர்களிடமும் அவள் இதையே செய்தாள். அதுதான் சிக்கல். அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்துவிட்டு, பையனின் அம்மா, "யோசிச்சு சொல்றோம்" என்றார். எல்லா வீட்டிலும் இந்த இடத்தில் வணக்கம் சொல்லி வழியனுப்புவார்கள். இவள் கேட்டாள்: "யோசிக்கறதுக்கு இன்னா கீது, சொல்லுங்க. நான் வேலைக்குப் போறது புடிக்கலயா, இல்ல நானே புடிக்கலயா?" அந்த அம்மா திகைத்துப்போய், "சேச்சே, உன்ன யாராச்சும் புடிக்கலன்னு சொல்வாங்களா" என்றார். "அப்ப வேல. சரி. வேலைக்குப் போறதா, இல்ல ஆம்பளைங்களோட ஒக்காந்து வேல செய்றதா?" அவர்கள் தாம்பூலத்தட்டை எடுக்காமலே கிளம்பினார்கள். மறுநாள் ஆபீசில் இதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் மேஜையில் டீ முழுசாக ஆறிக் கிடந்தது.

எங்கள் முதலாளி அதே தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். "அந்தப் பொண்ணுகிட்ட பேசறது ஆபரேஷன் டேபிள்ல படுக்கற மாதிரிம்மா. வலிக்கும். ஆனா நோவு எங்கன்னு தெரிஞ்சிடும்" என்பார்.

எனக்கும் அது நடந்தது. ஒருநாள் மதியம் ஜன்னல் பக்கம் திரும்பி நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; "பாத்திரக்கடை" என்பாள். நாலு கடை தள்ளி இருந்தது என் அப்பாவின் பாத்திரக்கடை.

"ஏய் பாத்திரக்கடை. வீட்டு விஷயமா, ஆபீஸ் விஷயமா?"

"வீடு."

"அம்மாவா, அப்பாவா?"

"அப்பா."

"திட்டினாரா, கல்யாணமா?"

"இந்த கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வீட்ல ஒக்காருன்றாரு. மாப்ள பாக்கறாராம்."

"கல்யாணம் வேணாமா, வீட்ல ஒக்கார்றது வேணாமா?"

நான் யோசித்தேன். அதுவரை அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. "வீட்ல ஒக்கார்றது."

"அவ்ளோதானே. சின்னதா ஆயிடுச்சி பாரு" என்று கைக்குட்டையை என் பக்கம் தள்ளினாள். எனக்குக் கோபமாக வந்தது. என் துக்கத்தை அவள் குறைத்து மதிப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அழுகை நின்றுவிட்டது.

அப்பா சொன்ன அந்த கான்ட்ராக்ட்தான் எங்கள் ஆபீஸ் மொத்தமும். தொண்ணூற்றொன்பதாம் வருடம். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது. பழைய ப்ரோக்ராம்கள் வருடத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும். தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு பூஜ்யம் வந்தால் நூறு வருடம் பின்னால் போய்விடும். தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்குக்கான ப்ரோக்ராம்கள் எல்லாம் சி மொழியில் எழுதியவை. எழுதியவர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவையும் கையால் திருத்த முடியாது என்று, பெங்களூர்க் கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு டூல் வாங்கியிருந்தார்கள். பழைய ப்ரோக்ராமை அந்த டூலுக்குக் கொடுத்தால், அது தானே படித்து, தேதி வரும் இடமெல்லாம் கண்டுபிடித்து, அங்கங்கே வருடத்தைச் சரிபார்க்கும் வரிகளைச் செருகி, புதிய ப்ரோக்ராமாக எழுதிக் கொடுத்துவிடும். அது எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை.

டூல் நன்றாகத்தான் ஓடியது, ரப்பர் சீல்கள் வரும்வரை.

பெரிய இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையங்கள் அவை. ரப்பருக்கு ஆயுள் உண்டு. கெடு தாண்டியதைக் கிடங்கிலிருந்து கழித்துவிட வேண்டும். எதையெதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு ப்ரோக்ராம் பட்டியல் போடும். டூல் மாற்றிக் கொடுத்த ப்ரோக்ராமை ஓட்டினோம். சோதனைக்காக ஓட்டியதுதான். ஆனால் அச்சடித்த தாள் எப்படியோ கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிடங்கு அதிகாரி வழுக்கைத் தலையில் வியர்வையோடு எங்கள் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"இன்னாம்மா இது? கிடங்குல கீற அத்தன சீலும் கெட்டுப்போச்சுன்னு போட்ருக்கீங்க? போன மாசம் வந்த பொட்டி, பிரிக்கவேயில்ல, அதுவும் கெட்டுப்போச்சா? பசங்க பாதிய எடுத்தாந்து ஸ்கிராப் யார்டுல கொட்டிட்டானுங்க. நான் பாக்கலன்னா லாரில ஏத்தியிருப்பானுங்க!"

பழைய ப்ரோக்ராமை ஓட்டினால் பட்டியல் சரியாக வந்தது. டூல் தொட்ட பிறகுதான் எல்லாச் சீலும் கெட்டுப்போனது.

பெங்களூரிலிருந்து டூல் கம்பெனியின் ஆள் வந்தார். கழுத்தில் டை, தோளில் லேப்டாப். கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து இனிமையாகப் பேசுவார். "நோடி, பாருங்க மேடம், எங்க டூல் உலகம் பூரா ஓடுது. உங்க ப்ரோக்ராம்தான் ஓல்ட் ஸ்டைல். கண்டபடி எழுதிருக்காங்க. இதுக்கு டூல் என்ன பண்ணும்?" என்றார். தொழிற்சாலையிலும் போய் அதையே சொன்னார். கூடவே, உள்ளூர் ஆட்களுக்கு இது சரிப்படாது, மொத்த வேலையையும் பெங்களூரிலேயே செய்து தருகிறோம் என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கூட்டம் என்று தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தது. முதலாளி அதைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கதவைச் சாத்தி நாங்கள் பார்த்ததே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "வா பாத்திரக்கடை. வெட்டலாம்."

ப்ரோக்ராமை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை மட்டும் டூலுக்குக் கொடுப்போம். அதில் தப்பு வந்தால் தப்பு அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். வெட்டி எடுத்துவிட்ட பகுதியை மீதிப் பகுதி தேடுமே, அதற்காக அதே பெயரில் ஒன்றும் செய்யாத ஒரு சின்னப் பொய்ப் பகுதியைக் கையால் எழுதி வைப்பாள். அதை நாங்கள் பொம்மை என்போம். இதே வழியில் இதற்கு முன் எத்தனையோ தப்புகளைப் பிடித்திருக்கிறாள்.

முதல் பாதியை ஓட்டினோம். தப்பு வரவில்லை. "அப்ப கீழ்ப்பாதி" என்றாள் உற்சாகமாக. கீழ்ப்பாதியை ஓட்டினோம். அதிலும் வரவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிய இடத்தை மாற்றினாள். வேறு மாதிரிப் பிரித்தாள். எப்படிப் பிரித்தாலும் இரண்டு பாதியும் ஒழுங்காக இருந்தன. இரண்டையும் சேர்த்தால் எல்லாச் சீலும் கெட்டுப்போனது. அன்று முழுக்க இதே கதை. மறுநாளும். நான் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. மடக்கிய காலைக் கீழே போட்டு, சாதாரணமாக எல்லோரையும்போல உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு பாதியும் நல்லதுன்னா, முழுசு எப்டிடி கெட்டதாவும்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதுவும் வேலைக்கு ஆவலன்னா..." என்று நிறுத்தினாள்.

டூல்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஸ்வல்ப ரெஸ்ட் எடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்க் கடைத்தெருவில் நின்றோம். அவள் சோளம் வாங்கி உரித்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை. நான் சும்மா பேசவேண்டுமே என்றுதான் பேசினேன்.

"ஒண்ணு கேக்கட்டா? நாம பழசுல பாதிய எடுத்துட்டு, அங்க உன் பொம்மைய வெக்கறோம் இல்ல?"

"ஆமா."

"உன் பொம்மை எப்டி இருக்கும்?"

"எப்டி இருக்கும்? ஒழுங்கா, அழகா எழுதுவேன்."

"அப்ப பழசு அழகா இல்லாததாலதான் தப்பு வருதுன்னா? நீ அழகா எழுதி வெச்ச ஒடனே தப்பு ஓடிப்போவுது. பழசோட அசிங்கத்த அப்டியே வெச்சிப் பாத்தா?"

அவள் கையிலிருந்த சோளம் கீழே விழுந்தது. சினிமாவில் வருவதுபோல என்று நினைப்பீர்கள், நிஜமாகவே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இல்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஒரு ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் தெலுங்கில் திட்டினார். அவள் தெலுங்கிலேயே ஏதோ சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அதன்பிறகு அவள் பாதியாக வெட்டவில்லை. முழு ப்ரோக்ராமையும் அப்படியே வைத்துக்கொண்டு, பொம்மை எதுவும் எழுதாமல், சில வரிகளை ஒரு கீற்றாகப் பிடுங்குவாள், டூலில் ஓட்டுவாள். தப்பு இன்னும் வருகிறதா? வந்தால் அந்தக் கீற்று தேவையில்லை, தூக்கிப் போடு. தப்பு மறைந்துவிட்டதா? அப்படியானால் அது தேவை, திரும்ப அதே இடத்தில் வை. பிடுங்கு, ஓட்டு, பார். நான் ஓட்டுவேன், அவள் பிடுங்குவாள். கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்வோம். ப்ரோக்ராம் குட்டையாகிக்கொண்டே வந்தது. பக்கம் பக்கமாக இருந்தது ஒரு பக்கமானது. அப்புறம் அரைப் பக்கம். தப்பு மட்டும் போகவேயில்லை. ஒவ்வொரு முறையும் "எல்லாச் சீலும் கெட்டது" என்று திரை சொல்லச் சொல்ல, அவளுடைய குரல் ஏறிக்கொண்டே வந்தது. மடக்கிய கால் நாற்காலிக்குத் திரும்பியது.

மிஞ்சியதை ஒரு தபால் கார்டில் எழுதலாம். எழுதினாள். நிஜமாகவே தபால் கார்டில்.

முதலாளியின் கதவைத் தட்டாமலே திறந்தாள். "சார், இத்த பாருங்க." அவர் பார்த்தார். அவருக்கு சி மொழி தெரியாது.

"சொல்றேன் கேளுங்க. வீட்ல அம்மா சொல்றாங்க: பால் பொங்கினா, அடுப்ப அணை. இதான் நம்ம ப்ரோக்ராம். சீல் கெட்டிருந்தா, கழிச்சிப் போடு. சரியா? இந்த டூல் வருது. தேதி வர்ற எடத்துல எல்லாம் ஒரு வரி செருகணும். நடுவுல செருகுது. பால் பொங்கினா, கடியாரத்த பாரு. அடுப்ப அணை. இப்ப இன்னா ஆச்சி?"

முதலாளி யோசித்தார். "பால் பொங்கினா கடியாரத்த பாக்கறோம்..."

"அடுப்பு?"

"அடுப்ப... அது தனியா போயிடுச்சி. பொங்கினாலும் பொங்காட்டியும் அணைச்சிடுவோம்!"

"அதேதான்! எந்தச் சீலா இருந்தாலும் கழிச்சிப் போடுது. ரெண்டு வேலையும் ஒண்ணா சேத்து அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கணும். டூலுக்கு அது தெரியும், மத்த எடத்துல எல்லாம் ஒழுங்கா போடுது. ஆனா 'அடுப்ப அணை'ன்றத அப்டியே எழுதாம, வேற எடத்துல ஒரு சுருக்குப் பேரு வெச்சி, இங்க அந்தப் பேர மட்டும் எழுதியிருந்தா ஏமாந்துடுது. மேக்ரோன்னு சொல்லுவோம். பழைய ஆளுங்க அப்டி எழுதிக்கீறாங்க. தப்பு ஒண்ணுமில்ல, சி-ல அது செல்லும். நான் பொம்மை வெச்சப்பலாம் சுருக்குப் பேரு இல்லாம நேரா எழுதிட்டேன். அதான் தப்பு காணாம போச்சி."

முதலாளி அந்தத் தபால் கார்டை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இத்த யாரு கண்டுபுடிச்சது?"

"பாத்திரக்கடைதான் சொன்னா, அசிங்கத்த அப்டியே வையின்னு. நான் புடிச்சேன்" என்றாள். அவள் தனக்குச் சேரவேண்டியதை விடவும் மாட்டாள், அடுத்தவர் பங்கை எடுக்கவும் மாட்டாள்.

கூட்டம் தொழிற்சாலை அலுவலகத்தில் நடந்தது. மேலாளர், கிடங்கு அதிகாரி, டூல்காரர், நாங்கள் மூவர். டூல்காரர் முதலில் பேசினார். பழைய முறையில் எழுதிய ப்ரோக்ராம், தரம் போதாது, மொத்தத்தையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை அவள் சும்மா இருந்தாள். பிறகு தபால் கார்டை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், உங்க லேப்டாப்ல இத்த நீங்களே டைப் பண்ணுங்க. நான் தொட மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே டைப் செய்தார். பாதியிலேயே சிரிப்பு குறைந்தது.

"மொதல்ல டூல் இல்லாம ஓட்டுங்க."

ஓட்டினார். ஒரு நல்ல சீல், ஒரு கெட்ட சீல். கெட்டதை மட்டும் கழி என்று வந்தது.

"இப்ப டூல்ல குடுத்துட்டு ஓட்டுங்க."

ஓட்டினார். இரண்டையும் கழி என்று வந்தது. திரையை மேலாளர் பக்கம் திருப்ப அவருக்கு மனமில்லை. கிடங்கு அதிகாரிதான் எழுந்து போய் எட்டிப் பார்த்து, "தோ! தோ! ரெண்டையும் தூக்கிப் போடுன்னுது!" என்று அறை அதிரச் சிரித்தார். "நாலு நாளா என் பசங்க ஸ்கிராப் யார்டுல பொறுக்கிக்கினு கெடக்கறானுங்கய்யா!"

டூல்காரர் நல்ல மனிதர்தான். முகம் சிவந்தாலும் மழுப்பவில்லை. "கரெக்ட் மேடம். எங்க டூல்ல பக் இருக்கு" என்றார். பிறகு மேலாளரிடம், "ஹெட் ஆபீசுக்கு எழுதணும். அவங்க சரி பண்ணி அனுப்ப மாசக்கணக்கா ஆகும்" என்றார். மேலாளரின் முகம் இருண்டது. வருடம் பிறக்க மாதக்கணக்கு இல்லை.

அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று அப்போது தெரிந்தது. நாற்காலியில் காலை மடக்கப் போனவள், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க சரி பண்ற வரைக்கும் காத்திருக்க வேணாம் சார். டூலுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, அடைப்புக்குறி இல்லாத எடத்துல எல்லாம் நாமளே போட்டுட்டா, அது ஏமாறாது. கையால போட முடியாது, அதுக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி வெச்சிக்கீறேன். இங்கயே ஓட்டிக் காட்டட்டா?"

அவள் அதை எழுதியது எனக்கே தெரியாது. முதலாளியைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் வாயை மூட மறந்திருந்தார்.

ஓட்டினாள். பழைய ப்ரோக்ராம் முதலில் அவளுடைய ப்ரோக்ராமுக்குள் போனது, அப்புறம் டூலுக்குள். கடைசியில் பட்டியல் அச்சாகி வந்தது. நீளமான தாள் இல்லை. ஒரு ஓரத்தில் சில வரிகள். கிடங்கு அதிகாரி அதைக் கிழித்து எடுத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கிடங்கில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று அவருக்குத் தலைக்குள்ளேயே தெரியும். "இது சரி. இது போன வருஷமே போயிருக்கணும். இது சரி. இதுவும் சரி." கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அறையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். யாரென்று பார்த்தேன். டூல்காரர்.

அவள் எழுந்து நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாள். ஒரு கையால் என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

வேலை எங்களிடமே நின்றது. சோதிக்கும் வேலை மட்டுமில்லை, மாற்றும் வேலையும் சேர்ந்து வந்தது. தபால் கார்டு பெங்களூர் வழியாக எந்த நாட்டுக்குப் போனதோ, டூலை எழுதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு சின்னதாக ஒரு தப்பை யாரும் அனுப்பியதில்லை என்று பதில் வந்ததாக டூல்காரர் சொன்னார். அவளுக்கு பெங்களூரில் வேலை தருவதாகவும் சொன்னார். "வேல இங்க வரட்டும்" என்று அவரிடமும் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம், என் அப்பா எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். நாலு கடை தள்ளி இருந்தும் அதுவரை அவர் மேலே வந்ததில்லை. ஊரெல்லாம் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்று, "உன்னுது எந்த எடம்?" என்று கேட்டார். என் மேஜையைக் காட்டினேன். அதை உன்னிப்பாகப் பார்த்தார். கடையில் புதுச் சரக்கு வந்தால் தட்டிப் பார்ப்பதுபோல மேஜையை விரலால் தட்டினார்.

அப்போது போன் அடித்தது. முதலாளி எடுத்தார். கேட்டுவிட்டு, கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "பெங்களூர்லருந்து. அவங்க டூல் வாங்குன மத்த கம்பெனிங்களுக்கும் இதே பிரச்சினையாம். நம்மளால பாத்துத் தர முடியுமான்னு கேக்கறாங்க. எத்தன ப்ரோக்ராம் அனுப்பலாம்ன்றாங்கம்மா. இன்னா சொல்லட்டும்?"

"இருக்கறத எல்லாம் அனுப்பச் சொல்லுங்க" என்றாள், போனில் அந்தப் பக்கம் இருப்பவருக்கே கேட்கிற குரலில்.

அப்பா அவளையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரம் பெருகும் சத்தம் அவருக்குத் தெரியும். "இவ்ளோ வேல வந்தா, ஆளு போதுமாம்மா உங்களுக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"போதாது அங்கிள். உங்க பொண்ணு வீட்ல ஒக்காந்தா சுத்தமா போதாது."

அப்பா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, "அப்ப இன்னும் ரெண்டு நாற்காலி வாங்கிப் போடுங்க சார். எடம் கீது" என்றார்.